பதினேழாம் படுக்கைக்கு ஓர் உறை

அறுநூற்று நாற்பத்திரண்டு ரிங்கிட்.
அதில் பன்னிரண்டு, சில்லறையாய்,
பினாங்கு வீதியில் பூ கட்டும் இந்திராணி போட்டது;
தூக்கினால் உறை ஒரு பக்கம் சாய்கிறது.
மீதியை ரொட்டிக் கல்லுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே
ஜமாலுதீன் பாய் வசூலித்தார்.
"கப்பல்காரன் காலொடிஞ்சு கிடக்கிறான்,
கம்பெனி போனை எடுக்கலையாம்.
உனக்குத்தான் அவன் பாஷை தெரியுமே,
கொண்டுபோய்க் குடு."

என் ஸ்பானியம்
பாயான் லெப்பாஸில் ஆறு வருட இரவு ஷிப்டில் கற்றது.
லீமாவில் அப்போது பகல். யாருக்கோ
மோடத்தில் பச்சை எரியவில்லை, எனக்குத் திட்டு.
மன்னிப்புக் கேட்க ஒன்பது வழி தெரியும்.
பணம் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று:
'திருப்பித் தரப்படும்.'
இதுவோ யாரும் திருப்பிக் கேட்காத பணம்.

பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
வில்மர். குவாயாக்கில் ஊர்க்காரன்.
தொடையிலிருந்து நீளும் இரும்புக் கம்பி.
உறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"லிமோஸ்னா?" என்றான்.

தெரியாத சொல்லா அது?
தேவாலயப் படிக்கட்டில், விரித்த கையில்,
மேலிருந்து விழுவது.
நம்மிடம் அதற்குப் பிச்சை என்று பெயர்;
பூசி மெழுகினால் தர்மம்.
இல்லை இல்லை என்று அவசரமாய்ச் சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகுதான்
வேறு சொல் தேடத் தொடங்கினேன்.

கரிதாத்?
அதன் அடியில் 'கரோ' கேட்கிறது.
பிரியமானதும் கரோ, விலை கூடியதும் கரோ,
பில்லைப் பார்த்து லீமா கத்துமே, அதே கரோ.
கிடைக்காத மருந்தும் அருமை, பெற்ற மகளும் அருமை
என்கிறோமே, அப்படி.
நல்ல சொல்தான். ஆனால் நெடுங்காலம்
மடத்துக் கஞ்சிப் பானையில் ஊறி
அதற்கும் ஒரு வாடை வந்துவிட்டது.
டொனசியோன் என்றால் ரசீது எங்கே என்பான்.
ரெகாலோ என்றால், இன்று என் பிறந்தநாளா?
மொய் என்று சொல்லலாம்,
நோட்டில் எழுதியாயிற்று, நாளை நீ எங்களுக்கு வை என்று.
மொய்க்கு அந்த மொழியில் சொல் இல்லை,
அல்லது மோடம் கெட்டுப்போன எவரும்
என்னிடம் மொய்யைப் பற்றிப் பேசவில்லை.

"தாதிவா" என்றேன்.
பழைய, அழகான சொல். சத்தமாகவே வந்துவிட்டது.
பக்கத்துப் படுக்கை செல்லக்கண்ணு தலை தூக்கி,
"ஆமா, தாதி, வா! எனக்கும் பாட்டில் முடிஞ்சு போச்சு"
என்று குரல் கொடுத்தார்.
தாதி நோராய்னி வந்தாள். பாட்டிலில் பாதி இருந்தது.
முறைத்துவிட்டுப் போனாள்.
வில்மர் சிரிக்கவில்லை.
உறை இன்னும் என் கையில்.

ஐந்தாம் படிவத்தில் மனனம் செய்த பழைய இலக்கணம்
கேட்கிறவனை வைத்துச் சொல்லைப் பிரிக்கும்.
தாழ்ந்தவன் 'ஈ' என்பான்.
உயர்ந்தவன் 'கொடு' என்பான்.
சமமானவன், 'தா'.
கொடுக்கிறவன் என்ன சொல்லவேண்டும் என்று
அங்கே ஒரு வரியும் இல்லை.

அவன் தட்டில் ஆஸ்பத்திரி ஆரஞ்சு ஒன்று
தொடாமல் கிடந்தது.
கையை நீட்டினேன்.
"தா" என்றேன்.
ஸ்பானியத்திலும் அது தாதான்.
நாக்கு பல்லைத் தொடும் அதே இடம்,
நீ என்று பேசிக்கொள்கிறவர்களுக்குள் புழங்குவது.

கொஞ்சம் யோசித்தான்.
பிறகு நகம் வைத்து,
உரித்தே கொடுத்தான்.

நல்ல புளிப்பு. கொட்டை துப்ப இடமில்லை.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
மறு கையால் உறையை நீட்டினேன்.
வாங்கினான். எண்ணவில்லை.
இந்திராணியின் பக்கம் சாய்ந்ததும்
இன்னொரு விரலால் தாங்கிக்கொண்டான்.

கீழே இறங்கியதும் பாய் போனில்.
"என்ன சொல்லிக் குடுத்தே?"
"ஒண்ணும் சொல்லலை பாய். ஆரஞ்சு கேட்டேன்."
"படுத்துக் கிடக்கிறவன்கிட்டயா?
வெக்கமா இல்லை உனக்கு?"

இருந்தது, பாய்.

கொம்தார் பஸ் வந்தது.
டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிய கையில்
இரண்டு கொட்டை.